ஆய்வா, அரசுப் பதவியா, களமா: பொதுச் சுகாதாரத்தில் இறங்கும் மருத்துவருக்கு எந்த வழி?

பொதுச் சுகாதாரத்தில் இறங்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு மருத்துவருக்கு முதலில் வருவது பெரும்பாலும் வெளிநோயாளிப் பிரிவில்தான். காலையிலிருந்து ஒரே மாதிரி நோயாளிகள். மூச்சு வாங்கியபடி ஒருவர் உட்காருகிறார், அவர் எழுந்து போனதும் அதே இருமலோடு அடுத்தவர். மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். மறுவாரம் அதே வரிசை. இந்த வரிசையையே குறைக்க முடியாதா என்று கேட்கத் தொடங்கிவிட்டால் அப்புறம் சிகிச்சை அறை மட்டும் போதாது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஆய்வு வேண்டும். கண்டுபிடித்ததைச் சட்டமாகவோ திட்டமாகவோ மாற்ற ஓர் இடமும் வேண்டும்.

அந்த இடம் எது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு ஆதாரத்தைச் சேர்ப்பது ஒன்று. அரசு அலுவலகத்துக்குள் போய் முடிவெடுக்கும் மேசையில் உட்காருவது இன்னொன்று. வெளியே நின்று மக்களோடு சேர்ந்து குரல் கொடுப்பது மூன்றாவது. தேர்தல் அரசியலும் சர்வதேச அமைப்புகளும் இவற்றின் கிளைகள். இளம் மருத்துவர்கள் கேட்கும்போது "உங்கள் மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்" என்று சொல்லி நழுவுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த வழிகள் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. எதை முதலில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மற்றவற்றின் பலன் மாறுகிறது.

பல்கலைக்கழக வழிக்கு பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் டாலை எடுத்துக்கொள்வோம். 1940களின் கடைசியில் பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் ஏறிக்கொண்டே போயின. சாலையில் போடும் தாராக இருக்கலாம், வாகனப் புகையாக இருக்கலாம் என்றுதான் டாலே முதலில் நினைத்தார். புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லோடு சேர்ந்து லண்டன் மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளை விசாரித்து விவரம் சேர்த்தார். 1950இல் வெளியான கட்டுரையில் நுரையீரல் புற்றுநோய் கண்ட 709 பேரும், அதே எண்ணிக்கையில் வேறு நோயாளிகளும் ஒப்பிடப்பட்டார்கள். புற்றுநோய் கண்டவர்களிடம் புகைப்பழக்கம் கூடுதலாக இருந்தது. அதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. நுரையீரல் புற்றுநோய் என்ற சந்தேகத்தில் விசாரிக்கப்பட்டவர்களில் சிலருக்கு அந்த நோய் இல்லை என்று பின்னால் தெரியவந்தது. அவர்களுடைய புகைப்பழக்கத்தைப் பிரித்துப் பார்த்தால், அது புற்றுநோய்க்காரர்களுடையதைப் போல இல்லை, மற்ற நோயாளிகளுடையதைப் போலவே இருந்தது. கேள்வி கேட்டவர்களின் சாய்வால் வந்த முடிவு இது இல்லை என்பதற்கு இதைவிட அழகான சாட்சி வேண்டாம். டால் தன் சிகரெட்டை நிறுத்திவிட்டார்.

அதோடு அவர் விடவில்லை. 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கடிதம் போட்டுப் புகைப்பழக்கத்தைக் கேட்டார்கள். சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் முடிவு வெளியானது. வாழ்நாள் முழுக்கப் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். முப்பது வயதில் விட்டவர் அந்தப் பத்தையும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பப் பெறுகிறார், அறுபதில் விட்டவர்கூட மூன்று ஆண்டு பெறுகிறார். இப்படி ஒரு எண்ணைச் சொல்ல அரை நூற்றாண்டு பிடிக்கும். எந்த அமைச்சகமும் அவ்வளவு நாள் காத்திருக்காது. பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இது முடியும்.

ஆனால் அந்தப் பக்கத்தின் வலியையும் பார்க்க வேண்டும். கட்டுரை வந்தது 1950. பிரிட்டனில் தொலைக்காட்சி சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது 1965. இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை 2007. டால் 2005இலேயே இறந்துவிட்டார். ஆய்வாளர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. கையில் இருப்பது ஆதாரம் மட்டும், அதிகாரம் இல்லை. போதாக்குறைக்கு நிதி மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று துண்டு துண்டாக வருகிறது, பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். பல்கலைக்கழகம் என்றாலே சுதந்திரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். இரசாயன நிறுவனங்களிடம் டால் ஆலோசனைக் கட்டணம் பெற்றுவந்தது அவர் இறந்த பிறகு செய்தியானது. புகையிலை ஆய்வின் உண்மை அதனால் குறையவில்லை. ஆனாலும் வேறு இரசாயனங்களைப் பற்றி அவர் சொன்னவற்றின் மீது ஒரு நிழல் விழுந்தது. இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

அரசு மேசைக்கு வருவோம். பிரான்சிஸ் கெல்சி 1960இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். அவருடைய மேசைக்கு முதலில் வந்த விண்ணப்பம் தாலிடோமைடு. தூக்க மருந்து, ஏற்கெனவே பல நாடுகளில் விற்பனையில் இருந்தது, சுலபமான கோப்பு என்றுதான் புதியவரிடம் கொடுத்தார்கள். அன்றைய விதிப்படி 60 நாளுக்குள் அதிகாரி மறுப்புச் சொல்லாவிட்டால் அனுமதி தானாகவே கிடைத்துவிடும். கெல்சி ஒவ்வொரு முறையும் தரவு போதாது என்று எழுதித் திருப்பினார். உடனே 60 நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்தார்கள், நேரில் வந்தார்கள், மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கடிதம் அவர் கண்ணில் பட்டது. தாலிடோமைடு சாப்பிட்டவர்களுக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்படுவதாக ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். பெரியவர்களின் நரம்பையே தொடும் மருந்து கர்ப்பத்தில் இருக்கும் சிசுவை என்ன செய்யும் என்று கெல்சி கேட்டார். அந்தக் கேள்வி சும்மா தோன்றியதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலேரியா மருந்து ஆய்வில் இருந்தபோது, தாய் முயலின் உடல் குயினைனைச் சமாளிக்கிறது, கருவில் இருக்கும் குட்டியால் முடிவதில்லை என்பதை அவர் கண்டிருந்தார். அதற்கும் முன்னால், 1937இல், ஒரு மருந்துக் கரைசலில் கலந்த நச்சுக் கரைப்பானால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, காரணம் தேடிய ஆய்வகத்தில் மாணவியாக வேலை பார்த்தவர் அவர். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்திருந்தார்கள். அமெரிக்காவில் மாதிரி மருந்தாகக் கொடுக்கப்பட்டதால் சிலர் பாதிக்கப்பட்டாலும், அந்நாடு பெரும் அழிவிலிருந்து தப்பியது. 1962இல் மருந்துச் சட்டமே திருத்தப்பட்டது. மருந்து பாதுகாப்பானது என்று காட்டினால் மட்டும் போதாது, பலன் தருகிறது என்றும் நிரூபிக்க வேண்டும் என்ற விதி அப்போது வந்ததுதான்.

டாலுக்கு ஐம்பது ஆண்டு, கெல்சிக்கு அறுபது அறுபது நாளாக ஓர் ஆண்டு. வேகத்தில் அரசு மேசைக்கு ஈடில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதே மேசையில் ஆய்வு அனுபவம் இல்லாத வேறொருவர் உட்கார்ந்திருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும். கெல்சிக்கு 1938இல் முனைவர் பட்டம், 1950இல் மருத்துவப் பட்டம், இரண்டுக்கும் இடையிலும் பிறகும் ஆய்வு, கற்பித்தல், சிகிச்சை. இந்த இருபது ஆண்டுகளின் சேமிப்பைத்தான் அவர் மேசையில் செலவழித்தார். மருத்துவர் நேரே நிர்வாகத்துக்குப் போவதில் எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான். அலுவலகத்தில் சேமிப்பு கரையும், சேராது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும், எழுதுவதற்கும் பேசுவதற்கும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அமைச்சர் மாறினால் முன்னுரிமையும் மாறும். பாதித் தரவை வைத்துக்கொண்டு இன்று மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டிய நாட்களே அதிகம். அந்த நாட்களில் கைகொடுப்பது முன்பே சேர்த்து வைத்தது மட்டுமே.

சரி, வெளியே நிற்பவர்கள்? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம். 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து இறங்கியது. உலோக உதிரிகள் துருப்பிடிக்கின்றன என்று அந்த ஊர்க் கார் இயந்திரத் தொழிற்சாலை ஒன்று அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. குழந்தைகள் மட்டும் தொடர்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் தன் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து, மாற்றத்துக்கு முன், பின் என்று பிரித்துப் பார்த்தார். இரத்தத்தில் ஈயம் கூடியிருந்த குழந்தைகளின் விகிதம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருந்தது. 2015 செப்டம்பரில், இதழ்க் கட்டுரைக்குக் காத்திராமல், செய்தியாளர்கள் முன்னால் எண்களை வைத்தார். மாநில அதிகாரிகள் அவருடைய கணக்கைத் தவறு என்றார்கள். சில நாட்களில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் பழைய நீர் ஆதாரம் திரும்பியது.

சில வாரங்களில் ஒரு நகரத்தின் குடிநீரை மாற்றிய ஆய்வு இது. ஆனால் சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே மேடை ஏறியவருக்கு அந்த எண் ஒன்றுதான் பிடிமானம். அது பிசகியிருந்தால் அவரோடு சேர்ந்து அந்தக் குழந்தைகளின் வழக்கும் விழுந்திருக்கும். எண் சரியாக இருந்தாலும் அடி விழலாம். இதே ஈயத்தைப் பற்றி, குழந்தைகளின் பால் பற்களைச் சேகரித்து 1979இல் ஆய்வு வெளியிட்ட ஹெர்பர்ட் நீடில்மேன் மீது 1990களில் ஆய்வு முறைகேடு என்று குற்றம் சாட்டினார்கள். விசாரணைகளைத் தாண்டி அவர் மீண்டார். குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டாலும் செலவான ஆண்டுகள் திரும்பி வராது. அதனால் போராட்டத்தை ஒரு தொழிலாகத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். அது ஒரு நாள் வாசலில் வந்து நிற்கும். அன்று பின்வாங்காமல் இருக்கச் சொந்தப் பதிவேடும் சொந்த நோயாளிகளும் இருந்தால் போதும்.

தேர்தல் அரசியலுக்கு ருடால்ஃப் விர்ஷோவைச் சொல்வார்கள். 1848இல் அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மேல் சிலேசியாப் பகுதியில் டைஃபஸ் என்ற கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது, அந்த அரசு அனுப்பிய இளம் மருத்துவர். மருந்துப் பட்டியலை எதிர்பார்த்த அரசுக்கு, கல்வியும் சுதந்திரமும் வளமும்தான் மருந்து என்று அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டுப் புரட்சியில் சேர்ந்ததால் பெர்லின் வேலையில் நெருக்கடி வந்து ஊரை விட்டுப் போனார், 1856இல் திரும்பினார், 1859இலிருந்து நகர மன்றத்தில் உட்கார்ந்தார், பெர்லினின் கழிவுநீர் அமைப்புக்காக வாதாடினார். இத்தனைக்கும் நடுவில் நோயியல் ஆய்வகத்தை அவர் மூடவே இல்லை. இரண்டையும் அந்த அளவுக்குத் தாங்கியவர்கள் மிகக் குறைவு. பொதுவான யோசனையாக இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சர்வதேச அமைப்பு என்றதும் பலருக்குக் கண் மின்னும். அங்கே ஒப்பந்தங்கள் குறுகியவை, பயணம் அதிகம், ஒரு வாக்கியத்தை எல்லா நாடுகளும் ஏற்கும்படி திருத்துவதிலேயே மாதங்கள் போகும். அதன் உண்மையான மதிப்பு 1971இல் தெரிந்தது. வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த, மேற்கு வங்கத்தின் போங்கான் முகாமில் காலரா. இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. ஆய்வாளரான திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த மருத்துவர் திமான் பருவா முகாமுக்கே வந்து பார்த்தார், பிறகு அந்த முறைக்காக நிறுவனத்துக்குள் வாதாடினார். 1978இல் வயிற்றுப்போக்குக்கான உலகளாவிய திட்டம் தொடங்கியது. களத்தில் ஒருவர், மேசையில் ஒருவர். பருவாவும் காலராவோடு பழகியவர் என்பதால்தான் பீப்பாயைப் பார்த்ததும் அதன் அர்த்தம் அவருக்குப் புரிந்தது.

என்னைக் கேட்டால், முதல் பத்து ஆண்டுகள் ஆய்வும் சிகிச்சையும். வாரத்தில் ஒரு நாளாவது வெளிநோயாளிப் பிரிவு, எந்தப் பதவி வந்தாலும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. அதற்கப்புறம் அரசு மேசை, அதுவும் மூன்று அல்லது ஐந்து ஆண்டு என்று நாள் குறித்துக்கொண்டு. பொறுமையில்லாதவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கப் பார்ப்பார்கள். முப்பது வயதில் இயக்குநர் நாற்காலி கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த வயதில் அங்கே போனவர், அடுத்தவர் சேர்த்த எண்களை நம்பியே கையெழுத்துப் போட வேண்டும்.

பதவிக் கடிதம் கைக்கு வந்ததும் சம்பளத்துக்கு முன்னால் சில வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். நான் சேர்க்கும் தரவை வேலையை விட்ட பிறகும் பயன்படுத்தலாமா? கண்டுபிடித்ததை வெளியிட யாருடைய கையெழுத்து வேண்டும், அவர் மறுத்தால் அதை எழுத்தில் தருவாரா? குறித்த காலம் முடிந்து வந்தால் பழைய துறையில் இடம் இருக்குமா? கடிதத்தில் இவற்றுக்குப் பதில் இல்லையென்றால், கையெழுத்துப் போடும் முன் எழுதிக் கேளுங்கள். கெல்சி செய்ததும் அதுதான். தரவு போதாது என்று எழுதி, கோப்பைத் திருப்பி அனுப்பினார்.