பானெட் சூடாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

சிங்கப்பூரில் 11 வருஷம் வேலை பார்த்துவிட்டு மாயவரம் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பியவன் நான். சிங்கப்பூர் தெருவில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட இரண்டு கதவு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை, 2011 மாடல், டர்போ பெட்ரோல், 2023 ஜூலையில் திருச்சியில் ஒரு புரோக்கர் மூலமாக 14 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கினேன். ஆறு மாதத்துக்குள் ரிப்பேருக்கு மட்டும் 4 லட்சத்து 17 ஆயிரம் போய்விட்டது. எந்த இடத்தில் ஏமாந்தேன் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. இன்னொருவர் அதே இடத்தில் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி பார்க்கப் போனபோது காலை 11 மணி. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "வெயில்ல வர்றீங்களேன்னு ஏசி போட்டு வச்சேன் தம்பி" என்றார் புரோக்கர். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. பானெட்டைத் திறக்கும்போது கை சுட்டது. அதையும் நான் யோசிக்கவில்லை. ஆனி கடைசி வாரம் அது. "ஆடி பொறந்துட்டா நீங்களும் எடுக்க மாட்டீங்க, நானும் கொடுக்க முடியாது. சேலத்துப் பார்ட்டி ஒண்ணு ரெடியா இருக்கு" என்று அவசரப்படுத்தினார். மெக்கானிக்கைக் கூட்டிவர ஒரு நாள் கேட்டேன். கிடைக்கவில்லை. அன்றைக்கே பணம் கொடுத்து, டெலிவரி நோட்டில் "ஓட்டிப் பார்த்து, திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஆடி மாதம் புது வண்டியை வெளியே எடுக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆடிப்பெருக்கு அன்று காவிரித் துலாக்கட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. ரெண்டு வாரத்துக்கு மேல் ஷெட்டில் நின்ற வண்டியை அன்று விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தேன். தகர டப்பாவுக்குள் சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு கடகடப்பு. மூன்று விநாடிதான், அப்புறம் நின்றுவிட்டது. கையில் காதோலை கருகமணித் தட்டோடு நின்ற அம்மா, "என்னடா இது?" என்று ஒரு அடி பின்வாங்கினார்.

அது டைமிங் செயின், இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. வண்டி நிற்கும்போது ஆயில் கீழே இறங்கிவிடும். டென்ஷனர் தேய்ந்திருந்தால், ஆயில் திரும்ப ஏறும்வரை செயின் தொளதொள என்று அடிக்கும். ஒரு நாள் செயின் பல் தாண்டிவிட்டால் பிஸ்டன் வால்வில் மோதி இன்ஜினே போச்சு. சூடான இன்ஜினில் இந்தச் சத்தம் பெரும்பாலும் வெளியே தெரியாது. ஏசி எதற்காக ஓடியது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. செயின், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து 1,15,000.

அடுத்தது கியர்பாக்ஸ். இதுதான் என் மனசை இன்னும் அறுக்கிறது. டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக், ஆறு கியர், ஆயிலில் மூழ்கி ஓடுகிற வகை. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். மீட்டரில் 46,000 காட்டியதால் இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஐப்பசியில் ஒரு முகூர்த்த நாள். பாபநாசம் கடைத்தெருவில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. என் காரில் கியர் எழுத்து மினுக்கியது, ஒரு உதறல், அவ்வளவுதான். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோக 9,000.

மெக்கானிக் வடிகுழாயைத் திறந்தார். கருப்பட்டிப் பாகு மாதிரி இறங்கியது. "அண்ணே, இதை ஒரு தடவைகூட மாத்தல" என்றார். கியர் மாற்றும் எலக்ட்ரானிக் போர்டும் வால்வுகளும் ஒன்றாக இருக்கிற மெக்கட்ரானிக் பெட்டி போயிருந்தது. அதற்கு 2,40,000. சேசிஸ் நம்பரை வைத்துக் கம்பெனி சர்வீஸில் பழைய கணக்கைக் கேட்டு வாங்கினேன். 2018-லேயே அந்த வண்டி 71,000 ஓடியிருக்கிறது! மீட்டரைத் திருப்பியது வெறும் விலைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பொய்யான எண்ணை நம்பித்தான் நான் ஆயில் மாற்றாமல் இருந்தேன்.

கார்பன் சுத்தம் செய்ய 22,000. இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் காற்றை உள்ளே விடுகிற இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. ஆயில் ஆவி அதில் படிந்து கரியாகிறது. அது வண்டியின் இயல்பு, அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். பின் டயர் இரண்டும் 31,000.

புரோக்கருக்கு போன் செய்தேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் தம்பி. திருப்தின்னு எழுதிக் கொடுத்துட்டுத்தானே எடுத்தீங்க?" என்றார். கமிஷனுக்கு ரசீது இல்லை, ஆர்.சி.யில் இருந்த பெயர் வேறு ஒருவருடையது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதலில் அதைக் கேளுங்கள். பணத்தை பேங்க் மூலமாகவே கொடுங்கள், கமிஷனுக்கும் ரசீது வாங்குங்கள். கையில் காகிதம் இருந்தால், இரண்டு வருஷத்துக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். என்னிடம் இருந்தது அந்த ஒரு டெலிவரி நோட்டுதான்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் உள்ள மெக்கானிக் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அதில் பதிந்திருக்கும் பழைய பிழைக் குறியீடுகளை விற்கிறவர்கள் அழித்துவிட்டுக் காட்டுவார்கள். ஆனால் அழித்தவுடன் வண்டியின் சுயசோதனைகள் 'இன்னும் முடிந்தபாடில்லை' என்று ஸ்கேனரில் நிற்கும், அதை மறைப்பது கஷ்டம். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் ரெண்டாயிரம் மூவாயிரத்தைப் பார்க்காதீர்கள்.

போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். அதே புரோக்கர், வெள்ளை நிறத்தில் ஒரு இரண்டு கதவு வண்டி, "பத்து மணிக்கு மேல வாங்க" என்று சொல்லியிருக்கிறாராம். ஆறு மணிக்கே போய் நில்லுங்கள், சாவியைத் தொடுவதற்கு முன்னால் பானெட்டில் கையை வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.