ஷின் கார்டு வாங்கப் போகிறீர்களா? கணுக்காலைப் பாருங்கள்

ஹாக்கி மட்டையும் ஷூவும் வாங்கியபின் கையில் மிஞ்சும் பணத்தில்தான், முழங்காலுக்குக் கீழே முன்காலைக் காக்கும் ஷின் கார்டு வாங்குகிறோம். விதிப்புத்தகமும் அதைக் கட்டாயமாக்கவில்லை, பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது. அதனால் கால்பந்துக்கான சின்னத் தகடு போதும் என்று தோன்றிவிடுகிறது. சாக்ஸுக்குள் செருகினால் இருப்பதே தெரியாது. நானும் இரண்டு வருடம் அதோடுதான் ஓடினேன்.

ஆனால் அது கால்பந்தில் விழும் உதையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. ஹாக்கிப் பந்தோ 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டி உருண்டை. செம்மண் தரையில் ஒருநாள் பந்து கல்லில் பட்டு எகிறி, தகட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே கணுக்கால் எலும்பில் அடித்தது. மூன்று வாரம் ஷூ போட முடியவில்லை.

ஹாக்கிக்கென்றே வரும் கார்டு நீளமானது, காலின் பக்கவாட்டையும் சுற்றி வளையும். அதிலும் இரண்டு ரகம். வெறும் ஓடு மட்டும் உள்ளது இலகு. ஓடிக்கொண்டே இருக்கும் ஃபார்வர்டுகளுக்கு, அதாவது முன்வரிசையில் கோலடிக்கப் போகிறவர்களுக்கு, பிடிக்கும். கணுக்கால் திண்டு சேர்ந்தது வெக்கையாக இருக்கும், சில ஷூக்களுக்குள் பிதுங்கும். பின்களத்தில் நிற்பவர் என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். பந்து மட்டுமில்லை, எதிராளியின் மட்டையும் முதலில் அங்கேதான் விழுகிறது. கடையிலேயே ஷூவோடு போட்டுக் குந்திப் பாருங்கள். மேல்விளிம்பு முழங்கால் சில்லில் இடித்தால் ஒரு அளவு குறையுங்கள்.

அப்புறம் முழங்கால் பேட். பெனால்டி கார்னரில், அதாவது தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பில், ஷாட்டைத் தடுக்க முதலில் பாய்ந்து ஓடுபவருக்குத்தான் இது தேவை. அடிப்பவரிடமிருந்து ஐந்து மீட்டருக்குள் நிற்கும் நம்மேல் முதல் ஷாட் முழங்காலுக்குக் கீழே பட்டால் எதிரணிக்கு இன்னொரு கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் நமக்கு ஃப்ரீ ஹிட், அதாவது பந்தைத் தடையின்றி அடிக்கும் வாய்ப்பு. விதி நம் பக்கம்தான், வலியும் நம் பக்கம்தான்! சாக்ஸுக்கு மேலே போடுவதென்றால் இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் இதற்குக் காசு போட வேண்டாம்.

எதை வாங்கினாலும் உள்ளே மெல்லிய பருத்தி சாக்ஸ், அதன் மேல் கார்டு, அதற்கும் மேலே ஆட்ட சாக்ஸ் என்று போடுங்கள், தோல் உரசாது. வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து வெளியே எடுத்துக் காயப்போடுங்கள். ஒருமுறை நான் மறந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பையை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.