டால்மேஷியாவா, லைசியாவா? சின்னக் கப்பலில் தீவு சுற்றப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிப் போகும் பெரிய கப்பல் வேண்டாம், முப்பது நாற்பது பேர் போகிற சின்னக் கப்பலில் தீவு தீவாகச் சுற்ற வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், பெரும்பாலும் இரண்டு கரைகள் கண்ணில் படும். ஒன்று குரோஷியாவின் டால்மேஷியா, ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் வரை. இன்னொன்று துருக்கியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பழைய லைசியா, ஃபெத்தியேவிலிருந்து டெம்ரே வரை. இரண்டிலும் வெயில், தெளிந்த கடல், ஆலிவ் மரம், இடிபாடு எல்லாமே உண்டு, படங்களை வைத்து முடிவெடுக்கவே முடியாது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி கப்பல் எங்கே நிற்கிறது? மற்ற வித்தியாசங்களில் முக்கால்வாசி அதிலிருந்துதான் வருகிறது.

டால்மேஷியாவில் அநேகமாக எல்லா இரவும் ஊர்த் துறைமுகத்தில். காலையில் கிளம்பி, மதியம் ஏதாவது ஒரு குடாவில் நிறுத்தி ஆசை தீர நீந்தவிட்டு, சாப்பாடு போட்டு, சாயங்காலத்துக்குள் அடுத்த ஊரில் கட்டிவிடுவார்கள். காலை உணவும் மதிய உணவும் கப்பலில், ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் உங்கள் செலவில் ஊருக்குள். இது குறை மாதிரி தெரியும், ஆனால் இந்தப் பயணத்தின் பெரிய பலமே அதுதான் என்பேன். பகலில் வந்துபோகிற கூட்டம் கிளம்பியபிறகு கோர்ச்சுலா மாதிரி ஒரு ஊர் உங்கள் கைக்கு வருகிறது. அந்த ஊரின் பழைய பகுதியை மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும்: நடுவே ஒரு தெரு, இரண்டு பக்கமும் சந்துகள். மேற்குப் பக்கச் சந்துகளை நேராக விட்டிருக்கிறார்கள், கோடைப் பிற்பகலில் அடிக்கும் மேஸ்ட்ரல் காற்று உள்ளே வரட்டும் என்று. கிழக்குப் பக்கச் சந்துகள் வளைந்து போகின்றன, குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் போரா காற்று நேராகப் புகுந்துவிடாதபடி. இதையெல்லாம் ஒரு மணி நேரம் இறக்கிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும் பயணத்தில் கவனிக்க முடியாது. மார்க்கோ போலோ எங்கள் ஊரில்தான் பிறந்தார் என்று கோர்ச்சுலாக்காரர்கள் சொல்வார்கள், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் அவர் சிறைப்பட்டதாகச் சொல்லப்படும், 1298-ல் வெனிஸும் ஜெனோவாவும் மோதிய பெரிய கடற்போர் இந்தத் தீவுக்குப் பக்கத்தில் நடந்தது உண்மை. மார்க்கோ போலோ நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்த ஆள் என்பதால் அந்தச் சந்துகளில் நடக்கும்போது நமக்கும் ஒரு தனிப் பிடிப்பு வரத்தான் செய்கிறது.

ஸ்பிளிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-ல் பதவியைத் துறந்துவிட்டு வந்து தங்கிய அரண்மனைக்குள்தான் அந்த ஊரின் மையமே இருக்கிறது, இன்றும் அதற்குள் குடும்பங்கள் வாழ்கின்றன, துணி காய்கிறது. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய அவருடைய கல்லறை மண்டபம் பின்னாளில் தேவாலயமாகிவிட்டது. பயணம் இங்கே ஆரம்பித்தால் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள், கப்பல்காரர்கள் இதற்கு ஒதுக்கும் நேரம் பத்தாது. ஹ்வார் தீவில் ஸ்டாரி கிராட் சமவெளியும் அப்படித்தான். கி.மு. 384-ல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் அளந்து பிரித்த வயல் எல்லைகள், கல் வேலிகளோடு, இன்னும் அப்படியே இருக்கின்றன. திராட்சையும் ஆலிவும் இன்றும் விளைகிறது. ம்லியெட் தீவின் உப்புநீர் ஏரிகளும், அதன் நடுவே குட்டித் தீவில் 12-ம் நூற்றாண்டு மடமும் நன்றாகத்தான் இருக்கும், அரை நாள் போதும்.

சரி, குறை என்ன? சீசனில் துறைமுகத்தில் இடம் கிடையாது. கப்பல்களை ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பக்கவாட்டில் கட்டுவார்கள். உங்கள் கப்பல் நாலாவதாக இருந்தால் மற்ற மூன்று கப்பல்களின் தளம் வழியாக, அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே நடந்துதான் கரைக்குப் போக முடியும். ஜன்னலைத் திறந்தால் எதிரே அடுத்த கப்பலின் ஜன்னல்தான் இருக்கும், கடலைக் காணோம். ஜெனரேட்டர் சத்தமும் சேர்ந்துகொள்ளும். டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்பது கோட்டைக்குக் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் அல்ல, தள்ளி இருக்கும் க்ரூஷ் துறைமுகத்தில். அங்கிருந்து பேருந்து பிடித்துப் போக வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள மதிலில் நிழலே கிடையாது, காலையில் திறந்தவுடன் ஏறிவிடுங்கள்.

லைசியாவில் கதை வேறு. அங்கே ஓடுவது குலெட் என்கிற மரக்கப்பல், பத்துப் பதினாறு பேர்தான். பாய்மரம் உண்டு, ஆனால் பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடும், அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். இரவில் குடாவில் நங்கூரம் போட்டு, பின்பக்கக் கயிற்றைக் கரையில் கட்டிவிடுவார்கள். மூன்று வேளைச் சாப்பாடும் கப்பலிலேயே. வெயில் காலத்தில் அறையில் யாரும் தூங்குவதில்லை, எல்லாரும் மேல்தளத்து மெத்தைக்கு வந்துவிடுவார்கள். கண் விழித்ததும் ஏணியில் இறங்கினால் கடல். சில குடாக்களில் உள்ளூர்ப் பெண்கள் சின்னப் படகில் அடுப்போடு வந்து, மாவைத் தேய்த்துப் பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்து கோஸ்லெமே சுட்டுத் தருவார்கள், சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

இந்தப் பாதையின் உச்சம் கெகோவா தீவு. 2-ம் நூற்றாண்டில் வந்த நிலநடுக்கத்தில் தீவின் வடகரையில் இருந்த ஊர் பாதி கடலுக்குள் போய்விட்டது. பாறையில் வெட்டிய படிகள் இறங்கி இறங்கித் தண்ணீருக்குள் போவதையும், வீட்டுச் சுவரின் அடித்தளம் நீருக்கடியில் கோடாகத் தெரிவதையும் கப்பலிலிருந்தே பார்க்கலாம். அங்கே நீந்த அனுமதி இல்லை, கப்பல் மெதுவாக ஓட்டிப் போகும். எதிர்க்கரையில் கலேகோய், பழைய பெயர் சிமேனா, காருக்கு வழியில்லாத கிராமம். கரையோரத் தண்ணீரில் ஒரு லைசியக் கல் சவப்பெட்டி தனியாக நிற்கிறது, கவிழ்த்த படகு போன்ற மூடியோடு. மேலே கோட்டைக்குள் பாறையிலேயே குடைந்த குட்டி அரங்கம், ஏழே வரிசை. இந்தக் கரைக்கு முன்னால்தான், காஷ் ஊருக்குப் பக்கத்தில், 1982-ல் உலுபுருன் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. கி.மு. 14-ம் நூற்றாண்டில் பத்து டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் ஏற்றிப் போய் மூழ்கிய கப்பல். சரக்கு எல்லாம் போட்ரம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இந்தப் பயணத்தில் பார்க்க முடியாது. இருந்தாலும் அந்த முனையைத் தாண்டும்போது கேப்டனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதிலும் சிரமம் உண்டு. ஓலூதெனிஸுக்கும் கால்கானுக்கும் நடுவே ஏழு முனைகள் என்று அழைக்கப்படும் திறந்த கடல் பகுதியில் ஆட்டம் அதிகம், வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். கரைக்குப் போக ரப்பர் படகில் ஏறி இறங்க வேண்டும், முட்டிவலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். ஏசி சில மணி நேரம்தான் ஓடும், குளியலறை ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் துருக்கி எவ்வளவோ மேல். கத்தரிக்காய், பீன்ஸ், தயிர், ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கள், சோறு என்று வயிறு நிறையும். டால்மேஷியாவில் மீன்தான் பிரதானம், கேட்டால் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்த பிளித்வா கிடைக்கும், பாஸ்தா கிடைக்கும், ஒரு வாரத்துக்கு அது அலுத்துப்போகும். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

குரோஷியாவில் கப்பலே வேண்டாம், ஃபெரியில் நாமே போகலாமே என்பவர்களும் உண்டு. கோடையில் ஸ்பிளிட், ஹ்வார், கோர்ச்சுலா, டுப்ரோவ்னிக் எல்லாவற்றையும் வேகப் படகுகள் இணைக்கின்றன. ஒரே தீவில் மூன்று நாள் உட்கார ஆசைப்படுகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் பெட்டியைப் படிக்கட்டுகளில் தூக்க வேண்டும், நடுவழியில் நிறுத்தி நீந்துவது என்பது கிடையாது.

பணத்தை ஒப்பிடும்போது போட்டிருக்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். குரோஷியாவில் ராத்திரிச் சாப்பாடு, துறைமுக வரி, சுற்றுலா வரி, குடிப்பதற்கு வாங்குவது எல்லாம் தனி. குலெட்டில் பானங்கள் மட்டும் பெரும்பாலும் தனிக் கணக்கு. கூட்டிப் பார்த்தால் லைசியா குறைவாகத்தான் வரும்.

அப்பா அம்மாவோடு போகிறீர்கள், சாயங்காலம் ஊருக்குள் நடக்கப் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் டால்மேஷியா. நீந்தத் தெரியும், நாலு நாள் கடலில் சும்மா இருக்க முடியும் என்றால் லைசியா, நானும் அந்தப் பக்கம்தான். எதுவானாலும் ஜூனோ செப்டம்பரோ பாருங்கள், ஜூலை ஆகஸ்டில் இரண்டு கரையிலும் கூட்டமும் வெக்கையும் சேர்ந்து படுத்தும். பணம் கட்டும் முன் ஒவ்வொரு இரவும் எந்த ஊரில், எந்தக் குடாவில் என்று எழுத்தில் கேளுங்கள். திட்டத்தில் "ஹ்வார்" என்று மட்டும் இருந்தால், அது ஹ்வார் நகரமா, ஸ்டாரி கிராடா, யெல்சாவா என்று கேட்டுவிடுங்கள், மூன்றுமே ஒரே தீவில் வேறு வேறு ஊர்கள். அறை கீழ்த்தளமா மேல்தளமா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள், கீழ்த்தள அறைகளில் ஜன்னல் பெரும்பாலும் திறக்காது.