தாமதமான விமானம்: இழப்பீடு கேட்க எந்த வழி நல்லது?

அயல்நாட்டு விமான நிலையத்தில் இரவு முழுக்க உட்கார வைக்கப்பட்ட பயணிக்கு, விடியும் நேரத்தில் ஒரு வவுச்சரைக் கொடுத்து வருத்தம் தெரிவித்து அனுப்பிவிடுகிறார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்று பலரும் ஊர் திரும்புகிறார்கள். முடியவில்லை. விமான நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்கலாம். கமிஷனுக்கு வேலை செய்யும் கிளெய்ம் ஏஜென்சியிடம் ஒப்படைக்கலாம். அரசு அமைப்பிடமோ நடுவரிடமோ போகலாம், வழக்குப் போடலாம், பயணக் காப்பீட்டில் கேட்கலாம், கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிடலாம். இவற்றில் எது உசத்தி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தப் பணத்தைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

ஏனென்றால் தாமதத்தில் மூன்று தனித்தனிப் பணங்கள் இருக்கின்றன. காத்திருந்தபோது ஆன சாப்பாடு, தங்கும் அறை, போக்குவரத்துச் செலவு ஒன்று. வீணான நேரத்துக்காகச் சில நாடுகளின் சட்டம் நிர்ணயித்திருக்கும் தொகை இரண்டாவது. தாமதத்தால் கையை விட்டுப் போன பணம் மூன்றாவது: தனியாக எடுத்திருந்த அடுத்த டிக்கெட், முன்பணம் கட்டிய ஹோட்டல், இழந்த சம்பளம். ஒன்றை வாங்கியதால் மற்றது தானாக ரத்தாகிவிடாது. ஆனால் மூன்றையும் ஒரே கடிதத்தில் கலந்து "எனக்கு நஷ்ட ஈடு வேண்டும்" என்று எழுதுபவர்கள், பெரும்பாலும் மிகச் சிறிய பணத்தை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் எந்தச் சட்டம்

பயணிக்கு மிகவும் கைகொடுப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி. 2005 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. 1,500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு 250 யூரோ, நடுத்தர தூரத்துக்கு 400, ஐரோப்பாவுக்கு வெளியே 3,500 கிலோமீட்டருக்கு மேல் போனால் 600. டிக்கெட் என்ன விலை என்பது கணக்கில் வராது. தொகை ஆளுக்கு ஆள் தனி. விதியின் மூல வாசகத்தில் தாமதத்துக்கு இந்தத் தொகை சொல்லப்படவில்லை. ரத்தான விமானத்துக்கும், இடம் மறுக்கப்பட்டவருக்கும்தான் இருந்தது. 2009 நவம்பரில் ஸ்டர்ஜன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தவருக்கும் இதே தொகை உண்டு என்றது. 2014-ல் இன்னொரு தீர்ப்பு, போய்ச் சேர்ந்த நேரம் என்பது விமானத்தின் ஏதாவது ஒரு கதவு திறக்கும் நேரம் என்று தெளிவுபடுத்தியது. சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தைக் காட்டி "இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம்தான்" என்று பதில் வந்தால் இந்தத் தீர்ப்பை நினைவூட்டுங்கள். நீண்ட தூரப் பயணத்தில் தாமதம் நான்கு மணிக்குக் குறைவு என்றால் 600 பாதியாகக் குறைக்கப்படலாம்.

ஐரோப்பிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நாட்டு விமானத்துக்கும் இது பொருந்தும். வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வருவது என்றால், ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருக்க வேண்டும். ஓர் ஆசிய நிறுவனத்தின் விமானம் பாரிஸிலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து மணி நேரம் தாமதமாகப் போனால் 600 யூரோ. அதே நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து பாரிஸுக்கு அதே அளவு தாமதமாக வந்தால் இந்த விதியில் ஒன்றும் இல்லை. அநியாயமாகத் தெரிகிறது, எனக்கும்தான். ஆனால் எல்லைக்கோடு அங்கேதான் போடப்பட்டிருக்கிறது.

ட்ரான்சிட்டில் மாட்டிக்கொள்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. பிராகிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் போகச் செக் ஏர்லைன்ஸிடம் ஒரே புக்கிங்கில் டிக்கெட் எடுத்தவர்கள், அபுதாபிக்குச் சரியான நேரத்தில் போய்விட்டார்கள். அங்கிருந்து எதிஹாட் இயக்கிய இரண்டாவது விமானம் 488 நிமிடம் தாமதம். எட்டு மணி நேரத்துக்கும் மேல். தாமதித்தது நாங்கள் அல்ல என்றது செக் ஏர்லைன்ஸ். 2019 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே புக்கிங் என்றால் முழுப் பயணமும் ஒன்று. ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய முதல் விமானத்தை இயக்கியவரே தொகையைத் தர வேண்டும். இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. விலை சற்றுக் கூடினாலும் ஒரே புக்கிங்கில் எடுப்பதை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பிரிட்டன் இதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டு 220, 350, 520 பவுண்டு என்று தொகையை மாற்றியிருக்கிறது. கனடாவின் 2019 விதிகளில் தூரம் கணக்கில்லை, நேரம்தான் கணக்கு. பெரிய நிறுவனமாக இருந்தால் மூன்று மணிக்கு மேல் 400 கனடிய டாலர், ஆறுக்கு மேல் 700, ஒன்பதுக்கு மேல் 1,000. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டியிருந்த பழுதுபார்ப்பு என்றால் கனடாவில் தொகை கிடையாது. ஐரோப்பாவிலோ இயந்திரக் கோளாறு என்பது விமான நிறுவனத்தின் அன்றாடத் தொழிலின் ஒரு பகுதி, அது நிறுவனத்தை இழப்பீட்டிலிருந்து விடுவிக்கும் விதிவிலக்கான சூழல் ஆகாது என்று 2008-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. அமெரிக்காவில் தாமதத்துக்கென்று நிலையான தொகை இல்லை. 2024-ல் வந்த விதியின்படி, சர்வதேசப் பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போய், பயணி போகவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவே. இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் விதிகளும் நீண்ட தாமதத்துக்கு உணவு, தங்குமிடம், மாற்று விமானம் அல்லது ரீஃபண்ட் என்ற அளவில் நிற்கின்றன.

இந்த நாட்டுச் சட்டங்கள் எட்டாத இடத்தில் 1999-ன் மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. உச்சவரம்பைக் கேட்டால் ஆசை வரும்: 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 6,303 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது எட்டாயிரம் டாலருக்குச் சற்று மேல். ஆனால் அது வரம்பு மட்டுமே. உங்களுக்கு உண்மையில் நஷ்டமான பணத்தை ரசீதோடு நிரூபித்தால் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். தூங்காமல் கழித்த இரவுக்கும் மன உளைச்சலுக்கும் மட்டும் கேட்டால் பல நாட்டு நீதிமன்றங்கள் கைவிரித்துவிடுகின்றன. நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் அதுவும் இல்லை. ஆக, ஐரோப்பிய விதி நேரத்துக்குப் பணம் தருகிறது, மான்ட்ரியல் நஷ்டத்துக்குத் தருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை என்று 2006-ல் ஐரோப்பிய நீதிமன்றமே சொன்னது. தகுதி இருந்தால் இரண்டையும் கேட்கலாம். ஒன்றில் வாங்கியதை மற்றதில் கழித்துக்கொள்ளக்கூடும்.

வவுச்சரா, ரொக்கமா

சாப்பாட்டு வவுச்சரை வாங்கினால் இழப்பீட்டு உரிமை போய்விடும் என்று பயந்து, பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். உணவும் அறையும் தனிக் கடமை. எரிமலை வெடித்தாலும் அந்தக் கடமை தீராது. இதைச் சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. 2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட பயணி ஒருவர், தான் செய்த ஏறத்தாழ 1,130 யூரோ செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். அவசியமான, நியாயமான செலவு அவருக்கு உரியது என்று 2013-ல் தீர்ப்பானது. அதனால் கவுண்டரில் ஆளே இல்லையென்றால் நடுத்தரமான ஓர் அறையை நீங்களே எடுத்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்குப் போய்விட்டு நியாயமான செலவு என்று வாதிட முடியாது.

அடுத்த பயணத்துக்கான வவுச்சர் வேறு வகை. ஐரோப்பிய விதிப்படி இழப்பீட்டை ரொக்கமாகவோ வங்கி வழியாகவோ தர வேண்டும். பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர். அந்தக் கையெழுத்துதான் எல்லாம். களைத்துப்போய், குழந்தை அழுதுகொண்டிருக்க, வரிசையில் நின்று போடும் கையெழுத்து அது. வவுச்சரின் மதிப்பு ரொக்கத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்து, காலாவதித் தேதி நீண்டதாக இருந்து, நீங்கள் அதே நிறுவனத்தில் அடிக்கடி பறப்பவராக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மற்றபடி, "ஊர் போய்ச் சேர்ந்து முடிவு சொல்கிறேன்" என்று நகர்ந்துவிடுங்கள். முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரி இருக்கும் தாளில் விமான நிலையத்தில் வைத்துக் கையெழுத்திடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நேரடியாகவா, ஏஜென்சி மூலமாகவா

ஏஜென்சிகள் வழக்கமாகத் தொகையில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை எடுத்துக்கொள்கின்றன. வழக்கு வரை போனால் பாதிவரை போகலாம். 600 யூரோவில் 300 கைக்கு வரும் நிலை. சில நிறுவனங்கள் உங்கள் கோரிக்கையையே குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு உடனே பணம் தருகின்றன. ஒருமுறை உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டால், பிறகு விமான நிறுவனம் நேரடியாகப் பணம் தர முன்வந்தாலும் நீங்கள் வாங்க முடியாது.

நேரடியாகக் கேட்க வக்கீல் வேண்டாம், செலவும் இல்லை. விமான எண், தேதி, புக்கிங் எண், எத்தனை மணி நேரம் தாமதம், எந்த விதியில் எவ்வளவு தொகை, வங்கிக் கணக்கு: இவ்வளவு போதும். செலவு ரசீதுகளைத் தனித் தலைப்பில் சேருங்கள். வரும் முதல் பதில் பெரும்பாலும் மறுப்பாக இருக்கும். "செயல்பாட்டுக் காரணங்கள்" என்ற மழுப்பலான சொல் அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர்கள்தான் நிறுவனங்களுக்குப் பணம் மிச்சப்படுத்தித் தருகிறார்கள். விதிவிலக்கான சூழல் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. மோசமான வானிலை, வான்வழிக் கட்டுப்பாட்டு முடக்கம், பறவை மோதல் ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். வழக்கமான இயந்திரக் கோளாறு ஏற்கப்படாது. சம்பளத்துக்காக நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் செய்த வேலைநிறுத்தமும் ஏற்கப்படாது என்று 2021-ல் தீர்ப்பு இருக்கிறது. இந்தத் தீர்ப்புகளைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுதினாலே பலருக்குப் பணம் வந்துவிடும்.

அப்படியும் மறுத்தால்? இங்கேதான் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பது முக்கியமாகிறது. பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ இருப்பவருக்குக் கமிஷன் கொடுக்க அவசியமே இல்லை. ஜெர்மனியில் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு, பயணிக்குக் கட்டணமில்லாத சமரச அமைப்புக்குப் போகலாம். பிரிட்டனில் எட்டு வாரம் கழித்து நடுவர் அமைப்பு. அதில் சேராத நிறுவனம் என்றால் விமானப் போக்குவரத்து ஆணையம். ஸ்பெயினில் விமானப் பாதுகாப்பு முகமையின் முடிவு 2023 முதல் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். எல்லா நாட்டிலும் இப்படி என்று எண்ண வேண்டாம். தனி ஒருவரின் தொகையை வசூலித்துத் தர தேசிய அமைப்புக்குக் கட்டாயமில்லை என்று 2016-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒன்றிய நாடுகளில் குடியிருப்பவர், வேறு ஒன்றிய நாட்டு நிறுவனத்தின் மீது 5,000 யூரோ வரையான கோரிக்கைக்கு எளிய படிவ வழக்கும் போடலாம்.

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவருக்கு நிலைமை வேறு. விடுமுறைக்குப் போய் மாட்டிக்கொண்டு திரும்பியவர், தெரியாத மொழியில், வேறு கண்டத்தின் நீதிமன்றத்தில் 600 யூரோவுக்காக வழக்கு நடத்த முடியாது. இதை அறிந்தேதான் சில நிறுவனங்கள் பதில் போடாமல் காலம் கடத்துகின்றன. அவர்களுக்கு ஏஜென்சி நியாயமான வழி. வானிலைப் பதிவுகளும் விமான இயக்கத் தரவுகளும் அவர்களிடம் இருக்கும், அந்த நாட்டு வழக்கறிஞரும் இருப்பார். தோற்றால் கட்டணம் இல்லை என்ற நிபந்தனை உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பணம் போனாலும் மீதிப் பாதி வரும். ஆனால் நேரடிக் கடிதம் எழுதி மறுப்பு வந்த பிறகே அங்கே போக வேண்டும். இன்னொன்று: ஏஜென்சிகளின் அக்கறை நிலையான தொகையில்தான். ஹோட்டல் பில்லையும் மான்ட்ரியல் நஷ்டத்தையும் பெரும்பாலும் நீங்களே கேட்டாக வேண்டியிருக்கும்.

காப்பீடும் கார்டும்

நிலையான தொகை இல்லாத நாட்டிலிருந்து கிளம்பியவருக்கும், புயலால் மாட்டிக்கொண்டவருக்கும் பயணக் காப்பீடுதான் முதல் வழி. யார் தவறு என்று அது கேட்பதில்லை. ஆனால் பாலிசியில் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொகை தொடங்கும் என்று பாருங்கள். ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று இருக்கும். தாமத நேரத்தையும் காரணத்தையும் குறிப்பிட்டு விமான நிறுவனம் தரும் சான்று கட்டாயம் கேட்பார்கள். அதை விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவது எளிது; ஊர் வந்தபின் வாங்குவது பெரும்பாடு. நிறுவனம் ஏற்கெனவே கொடுத்த செலவைக் காப்பீட்டிலும் கேட்க முடியாது.

கிரெடிட் கார்டு முறையீடு, விமானம் ரத்தாகி ரீஃபண்ட் தராமல் இழுத்தடிக்கும்போது பலமானது. தாமதமானாலும் பறந்துவிட்டீர்கள் என்றால் அதை நம்ப வேண்டாம்.

கெடு

வழிகளுக்கிடையே மிகக் கடுமையான வேறுபாடு கால வரம்பில்தான். மான்ட்ரியலில் இரண்டு ஆண்டுக்குள் வழக்கே தாக்கலாகியிருக்க வேண்டும். கடிதம் எழுதியது கணக்கில் சேராது. கனடாவில் நிறுவனத்திடம் கேட்க ஓர் ஆண்டு. கேட்டால் 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும். ஐரோப்பிய விதிக்குப் பொதுக் கெடு இல்லை, வழக்குப் போடும் நாட்டின் சட்டப்படிதான்: ஜெர்மனியில் அந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டு, பிரான்ஸில் ஐந்து, இங்கிலாந்தில் ஆறு. போன ஆண்டு வேண்டாம் என்று விட்ட கோரிக்கையை இன்றைக்கும் எழுத முடியலாம். பழைய மின்னஞ்சலில் போர்டிங் பாஸ் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் புக்கிங் உறுதிச் சீட்டை வைத்தே தொடங்குங்கள்.