அலாய் வீல் போட்ட பிறகு வந்த நடுக்கம்: ஹட்டன் டயர் கடை பத்தி

மலைநாட்டுல கார் வச்சிருக்கிறவங்களுக்காக எழுதுறேன். வெளி வீல் (காரோட வந்த கம்பனி வீல் இல்லாம வெளிய வாங்கி போடுறது) மாத்துன பிறகு ஸ்டீரிங் நடுங்குதுன்னா, திரும்ப திரும்ப பாலன்ஸ் பண்ணி சல்லிய வீணாக்காம ஹட்டன்ல இருந்து டிக்கோயா போற ரோட்டுல இருக்கிற சின்ன டயர் கடைக்கு ஒருக்கா போய் பாருங்க. பெரிய போர்ட் எல்லாம் இல்ல, ஒரு லிஃப்ட், பழைய பாலன்ஸிங் மெஷின் ஒண்ணு, அம்புட்டுதான். ஆனா காரணத்தை கண்டுபிடிக்காம எதையும் கழட்டி மாத்த மாட்டாங்க. அதுக்காகத்தான் இந்த ரிவ்யூ.

நம்ம கார் ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், ஜீபீ5. கொழும்புல ஒரு கடையில 15 இஞ்சி அலாய் வீல் நாலும் புது டயரும் போட்டது. அவங்களே பூட்டி பாலன்ஸ் பண்ணி எலைன்மெண்டும் பாத்து குடுத்தாங்க. ஹட்டன் டவுனுக்குள்ள, நோர்வூட் பக்கம், நுவரெலியா ரோட்டுல எல்லாம் ஒரு குறையும் தெரியல, ஏன்னா இங்க யாரு 60க்கு மேல போறது, வளைவுக்கு மேல வளைவு. கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டைன்னு இறங்கி அவிசாவளை தாண்டி ரோடு நேராகும்போதுதான் 80ல ஸ்டீரிங் லேசா ஆட ஆரம்பிக்கும், கொட்டாவையில தெற்கு அதிவேகப் பாதைக்கு ஏறி 90 தொட்டா கை மணிக்கட்டு வரைக்கும் நடுக்கம் வரும், பின்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைங்களே என்னப்பா கார் இப்பிடி ஆடுதுன்னு கேக்குற அளவுக்கு.

வீல் வித்த கடை திரும்ப பாலன்ஸ் பண்ணி குடுத்தாங்க, மெஷின்ல சைபர் காட்டுது பாருங்கன்னாங்க. உண்மைதான், சைபர்தான் காட்டுச்சு. ஆனா நடுக்கம் அப்பிடியே இருந்துச்சு. இன்னொரு கராஜ்ல இது ஜீபீ5ல வழமையா வர்ற கியர்பொக்ஸ் பிரச்சினை, கிளச் பேக் மாத்தணும்னு சொன்னாங்க. இந்த மொடல்ல 7 கியர் டூவல் கிளச் இருக்கிறதும், அதுல ஜட்டர், அதாவது உதறல் வர்றதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஆனா அந்த ஜட்டர் நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது, ஏத்தத்துல மெதுவா ஊரும்போது வர்றது. 80, 90ல மட்டும் வந்து 60க்கு இறங்குனா காணாம போறது கிளச்சு வேலை இல்ல. அந்த பேச்சை நம்பி கியர்பொக்ஸை இறக்கியிருந்தா லட்சக்கணக்குல போயிருக்கும், நடுக்கம் மட்டும் போயிருக்காது. இப்பிடி தெரியாத ஒண்ணை தெரிஞ்ச மாதிரி சொல்லி மனுசங்களை செலவுக்குள்ள தள்ளுறது எனக்கு ரொம்ப கோவம் வர்ற விசயம்.

இந்த ஹட்டன் கடை அண்ணன் காரை தொட முன்னமே கேள்விதான் கேட்டாரு. "தம்பி, ஸ்டீரிங்ல வருதா, சீட்ல வருதா? எந்த ஸ்பீட்ல? பிரேக் அடிக்கும்போது கூடுதா? எக்சிலேட்டரை விட்டா குறையுதா?" ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு. ஸ்டீரிங்ல வந்தா அநேகமா முன் வீலு, சீட்டுலயும் தரையிலயும் வந்தா பின் வீலு. பிரேக் மிதிச்சா மட்டும் வந்தா டிஸ்க். இழுக்கும்போது மட்டும் வந்து காலை எடுத்தா நிக்குதுன்னா வீலை சுத்த வைக்கிற ஷாஃப்ட்டோட உள் ஜொயிண்ட் பக்கம் பாக்கணும். என்ஜின் சத்தத்தோட சேந்து கூடி குறையாம கார் ஓடுற ஸ்பீடோட மட்டும் சேந்து வந்தா சுத்துற சாமான்லதான் கோளாறு, அதாவது வீல், டயர், இல்லாட்டி வீலை பூட்டுற ஹப். 90ல ஓடும்போது இந்த சைஸ் டயர் ஒரு செக்கனுக்கு சுமார் 13 தரம் சுத்துது, அதுல வீல் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கி இருந்தாலே அந்த 13 தடவையும் ஸ்டீரிங்க பிடிச்சு தட்டும்.

அடுத்து அவரு செஞ்சதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ரோட்டுல ஓட்டி பாக்கணும்னா 90 போற ரோடு இங்க எங்க இருக்கு, அதனால காரை தூக்கி அங்கயே அளந்தாரு. வீலை கழட்டி பாலன்ஸிங் மெஷின்ல சுத்த விட்டு டயல் கேஜ் (சின்ன ஒதுக்கத்தையும் முள்ளால காட்டுற அளவு கருவி) வச்சாரு, ரிம் நேரா சுத்துச்சு. அதே வீலை திரும்ப கார்ல பூட்டி, கையால சுத்தி அதே இடத்துல கேஜ் வச்சாரு, முள்ளு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்குது. ஹப்பை மட்டும் தனியா அளந்தா அது சுத்தமா இருக்கு. அப்ப வீலும் சரி, ஹப்பும் சரி, ரெண்டும் சேர்ற இடத்துலதான் பிழை.

கலிப்பர் வச்சு அளந்து காட்டுனாரு. வீல் நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர். ஹொண்டா ஹப்போட நடு மேடு 56.1. கம்பனி வீல்னா அந்த மேட்டுல இறுக்கமா போய் உக்காரும், அதுவே நடுவை பிடிச்சுக்கும். வெளி வீலு பல கம்பனி காருக்கும் போகணும்னு ஓட்டையை பெருசா வெட்டி வச்சிருப்பாங்க, அதுக்கு உள்ள போடுற ரிங்கை இந்த நாலுலயும் போடவே இல்ல. சுத்திவர எட்டரை மில்லிமீட்டர் வெறும் இடைவெளி. பாலன்ஸிங் மெஷின் நடு ஓட்டைக்குள்ள கோன் தள்ளித்தான் வீலை பிடிக்குது, அதனால அங்க நடு சரியா வந்து சைபர் காட்டும், கார்ல ஏத்துனதும் நடு தவறிடும். எத்தனை தரம் பாலன்ஸ் பண்ணாலும் ஏன் தீரலன்னு எனக்கு அப்பதான் வெளங்குச்சு.

அதை விட பயங்கரமான ஒண்ணு நட்டு. ரிங் இல்லாட்டியும் நட்டு சரியான சாய்வுல இருந்தா அதுவே வீலை ஓரளவுக்கு நடுவுக்கு இழுத்துக்கும். ஆனா ஹொண்டா கம்பனி நட்டோட அடி உருண்டையா இருக்கும், வெளி வீல்ல இருக்கிறது 60 டிகிரி கோன் குழி. கொழும்பு கடையில பழைய உருண்டை நட்டையே போட்டு முறுக்கி விட்டுட்டாங்க. உருண்டை கோனுக்குள்ள போனா முழுசா படியாது, மெல்லிசா ஒரு கோடு மாதிரிதான் படும், குழியில பெயிண்ட் வளையமா உரிஞ்சிருந்ததை அண்ணன் விரலால தடவி காட்டுனாரு. அப்பிடி பிடிக்கிற நட்டு ஓட ஓட இளகும். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், அந்த ரோட்டுல பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு இந்த நட்டோட நாங்க இறங்கியிருக்கோம்! ஸ்கூல் வேன் ஓட்டுறவங்க, ஹயருக்கு ஓடுறவங்க யாராச்சும் இதை வாசிச்சா, வெளி வீல் போட்டிருந்தா தயவு செஞ்சு ஒரு நட்டை கழட்டி அடியை பாருங்க.

வெளிய ஒரு லேத்ல குடுத்து அலுமினியம் ரிங் கடைஞ்சு எடுத்தாரு, வெளி 73.1, உள் 56.1. பிளாஸ்டிக் ரிங் மலிவா கிடைக்குமேன்னு கேட்டேன். கீழ்நாட்டு தட்டை ரோட்டுல அதுவும் போதும், ஆனா நுவரெலியாவுல இருந்து லபுக்கலை, ரம்பொடை வழியா இறங்கும்போது பிரேக் சூடு ஹப் வரைக்கும் வரும், பிளாஸ்டிக் இளகி உருமாறலாம்னு சொன்னாரு. அலுமினியத்துக்கு வேற குறை, நம்ம மழையில ஹப்போட ஒட்டிக்கும், அதனால லேசா கிரீஸ் தடவித்தான் போடணும். ரிங்கு பாரம் தாங்குறதுக்கு இல்லை, நட்டு இறுகும்போது வீலை நடுவுல வச்சிருக்கத்தான். பாரத்தை தாங்குறது நட்டோட இறுக்கம்.

ஹப் முகத்துல இருந்த துருவை கம்பி பிரஷ் வச்சு எடுத்தாரு. ரிம்முக்கு உள்பக்கம் காஞ்சு கிடந்த செம்மண்ணையும் கழுவிட்டுத்தான் பாலன்ஸ் வச்சாரு, தோட்டத்து ரோட்டுல ஓடுறவங்களுக்கு அந்த மண்ணே போதும் ஒரு நடுக்கத்தை கொண்டு வர. பிறகு 12 மில்லிமீட்டர் தடிப்பு, 1.5 மில்லிமீட்டர் பிரி, 60 டிகிரி புது நட்டு, கார் தூக்குல இருக்கும்போதே குறுக்கு மாத்தி கையால இறுக்கி, கீழ இறக்கி டோர்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து முறுக்குற சாவி) 108 நியூட்டன் மீட்டர். ஏர் கன்ல டர்ர்னு அடிச்சு விடல. திரும்ப டயல் கேஜ் வச்சப்ப முள்ளு அசைஞ்சதே தெரியல. ஒரு வீல்ல மட்டும் உள் உதட்டுல சின்ன நெளிவு இருக்குன்னு மறைக்காம சொல்லி அதை பின்னால போட்டு விட்டாரு.

அதுக்கு பிறகு மாத்தறை வரைக்கும் போய் வந்தாச்சு, அதிவேகப் பாதையில 100ல ஸ்டீரிங் அசையல. டயர் சத்தம் கொஞ்சம் இருக்கு, அது டயரோட குணம். பில்லு ரிங், நட்டு, பாலன்ஸ், கூலி எல்லாம் சேத்து புது டயர் ஒண்ணோட விலை கூட வரல.

குறைன்னு பாத்தா, லேத் வேலை வேற இடத்துல நடக்குது, அதனால ஒரே நாள்ல முடியாது, காரை விட்டுட்டு வரணும் இல்லாட்டி மறுநாள் திரும்ப போகணும். உக்கார இடம் இல்ல, மழை பேஞ்சா தகரத்துக்கு கீழ நிக்கணும். கார்ட் எடுக்க மாட்டாங்க. பில்லு கேட்டாத்தான் எழுதி தருவாங்க, கேட்டு வாங்கிக்குங்க. லிஃப்ட் ஒண்ணுதான்ங்கிறதால சனிக்கிழமை போனா பஸ்ஸுக்காரங்க, லொறிக்காரங்க பின்னால காத்து நிக்க வேண்டி வரும், கிழமை நாள்ல வெள்ளனவே போறது நல்லது. போகும்போது பழைய கம்பனி வீல் ஒரு ஜோடியாவது கொண்டு போங்க, முன்னுக்கு மாத்தி பூட்டி பாத்தா பிழை வீல்லயா கார்லயான்னு சுருக்கா பிரிச்சிடுவாரு. 100 கிலோமீட்டர் ஓடுன பிறகு நட்டை திரும்ப இறுக்கி பாக்க வரச் சொல்லுவாரு, அதுக்கு சல்லி எடுக்கிறதில்ல, அதை மட்டும் விட்டுடாதீங்க.