மொத்தத் தொகையா, அளவுக் கட்டணமா, கூலி மட்டுமா: பெங்களூருவில் தோட்ட காண்டிராக்ட் நிபந்தனைகள் ஓர் ஒப்பீடு

பெங்களூருவில் அடுக்ககத்துக்கோ தனி வீட்டுக்கோ புதிதாகத் தோட்டம் அமைப்பதற்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டால், வந்து சேரும் மூன்று தாள்களும் பெரும்பாலும் மூன்று வகை ஒப்பந்தங்களாகவே இருக்கும். வடிவமைப்பு அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி எல்லாம் சேர்த்து ஒரே தொகையைச் சொல்லும். லால்பாக், சித்தாபுரம் பக்கத்து நர்சரிக்காரர் செடிக்கு இவ்வளவு, புல்லுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு, செம்மண்ணுக்கு லோடுக்கு இவ்வளவு என்று வரிவரியாக எழுதித் தருவார். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஆள் கூட்டி வந்து வேலை செய்யும் மேஸ்திரியோ, பொருளை நீங்களே இறக்கிக் கொடுங்கள், கூலி மட்டும் எனக்குப் போதும் என்பார். இந்த மூன்று தாள்களின் அடித்தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. எந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை ஒவ்வொன்றும் வேறு விதமாகப் பங்கிட்டிருக்கிறது, விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்தப் பங்கீட்டின் விலைதான்.

சர்ஜாபுரா சாலையில் உள்ள எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் முன் இப்படிப்பட்ட மூன்று தாள்கள் வந்தன. தோட்டத்தின் பெரும்பகுதி கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில், அதாவது போடியத்தில் அமைவது. நிபந்தனைகளை வரிக்கு வரி ஒப்பிட்டுக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்த குறிப்பைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

விலைக்குள் அடங்குவதும் அடங்காததும்

மொத்தத் தொகை ஒப்பந்தத்தின் கவர்ச்சி அதன் நிச்சயத்தில் இருக்கிறது. செடி விலை ஏறினாலும் லாரி வாடகை ஏறினாலும் சொன்ன தொகை மாறாது. ஆனால் தொகை மாறாதபோது, மாறுவதற்கு மிஞ்சியிருப்பது தரம் ஒன்றுதான். எங்களுக்கு வந்த தாளில் "வரைபடத்தில் காட்டியவாறு" என்ற சொற்றொடர் பல இடங்களில் இருந்தது. வரைபடத்திலோ மரங்கள் வெறும் பச்சை வட்டங்களாக இருந்தன. ஒரு வட்டம் இரண்டடிக் கன்றையும் குறிக்கலாம், பத்தடி மரத்தையும் குறிக்கலாம். அதோடு "குறிப்பிட்ட செடி கிடைக்காவிட்டால் அதற்கு இணையான செடி" என்ற வரியும் உண்டு. இணையானது எது என்று தீர்மானிப்பவர் யார் என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை. மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்பவர்கள், செடியின் பெயர், உயரம், பை அளவு, எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்ட பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகக் கையெழுத்திட்டு வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. உயரம் என்றால் பையின் அடியிலிருந்தா, மண் மட்டத்திலிருந்தா என்பதையும் எழுதிவிட வேண்டும். பெரிய பையில் இருக்கும் செடிக்கு அது ஒரு அடிக்கும் மேலான வித்தியாசம்.

அளவுக் கட்டணத்தில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி இருக்கும். அங்கே கவனம் தேவைப்படுவது அளக்கும் முறையில். மண் கணக்குதான் இதற்கு நல்ல உதாரணம். லோடு என்பது வண்டிக்கு வண்டி மாறுவது. டிப்பரின் உடல் சிறிதாக இருந்தாலும் லோடு லோடுதான். ஆயிரம் சதுர அடிக்கு ஆறு அங்குல ஆழம் மண் பரப்ப வேண்டுமானால் 500 கன அடி, அதாவது ஐந்து யூனிட் தேவை. ஆனால் அது பரப்பி, தண்ணீர் விட்டு, அமுங்கிய பிறகு இருக்க வேண்டிய அளவு. வண்டியில் உதிரியாகக் கிடக்கும் மண்ணை அளந்து பில் போட்டால் அமுங்கும் பங்கு நம் கணக்கில் விழும். தரையில் அமுங்கிய பின் அளந்தால் அது காண்டிராக்டர் கணக்கில் விழும். நர்சரிக்காரர் தாளில் "லோடு" என்றே இருந்தது. அதை "நீர் விட்டு அமுங்கிய பின் தரையில் அளந்த கன அடி" என்று மாற்றக் கேட்டோம். விகிதத்தைச் சற்று உயர்த்திக்கொண்டு அவர் ஒப்புக்கொண்டார். அது நியாயமான பேரம்தான். செம்மண், மணல், தொழு உரம் ஆகியவற்றின் கலவை விகிதத்தையும் இதே வரியில் எழுதிவிடுவது நல்லது, இல்லையென்றால் விலை குறைந்த சரக்கு கலவையில் கூடிவிடும்.

கூலி ஒப்பந்தத்தில் இவை எதற்கும் மேஸ்திரி பொறுப்பில்லை. வாங்குவது, அளப்பது, வண்டியோடு வாக்குவாதம் செய்வது எல்லாம் நம் வேலை. நர்சரியில் செடியை மட்டும் நேரடியாக வாங்கினால் உயிருள்ள செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வடிவமைப்பு, மண், செடி, நடவு அனைத்தையும் ஒரே வேலையாக ஒப்படைத்தால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் வரி சேர்த்து பில் வருவதே வழக்கம். ஆகவே, வரி உட்படவா, நீங்கலாகவா என்று மூன்று பேரிடமும் எழுத்தில் கேட்ட பிறகுதான் தொகைகளை ஒப்பிட முடியும்.

பணம் எப்போது, எதற்கு

கம்பெனி கேட்டது பாதித் தொகை அட்வான்ஸ், பொருள் வந்திறங்கியதும் 40 சதவீதம், ஒப்படைக்கும்போது 10 சதவீதம். செடி மண்ணில் இறங்கும் முன்பே பத்தில் ஒன்பது பங்கு போய்விடும் ஏற்பாடு இது. நர்சரிக்காரர் 30 சதவீதம் அட்வான்ஸும், பிறகு முடிந்த வேலையை அளந்து பில்லும் கேட்டார். மேஸ்திரிக்குச் சனிக்கிழமைதோறும் கூலி. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும், பில்லில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, செடி பிழைத்தது உறுதியான பிறகு விடுவிக்கும் பிடித்தத் தொகைதான் நம் கையில் உள்ள ஒரே பிடி. பத்து சதவீதம் என்றால் கம்பெனிகள் முணுமுணுக்கும். ஐந்துக்குக் கீழே இறங்கினால் திரும்பி வந்து செடி மாற்றித் தருவதற்கு அவர்களுக்கு எந்த அவசியமும் இருக்காது.

சங்கங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே அதில் வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, காண்டிராக்டர் தனிநபராக இருந்தால் 1 சதவீதமும் கம்பெனியாகவோ கூட்டு நிறுவனமாகவோ இருந்தால் 2 சதவீதமும் பிடித்துக் கட்ட வேண்டும். மேஸ்திரியிடம் இதை முதலிலேயே சொல்லி, பான் எண் வாங்கிவிட வேண்டும். கடைசி வாரம் சொன்னால், பேசிய காசைக் குறைக்கிறோம் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

செடி செத்தால்

மூன்று தாள்களும் உண்மையில் பிரியும் இடம் இதுதான். கம்பெனி, ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாள் உத்தரவாதம் தந்தது. நர்சரிக்காரர், தானே பராமரித்தால் 90 நாள், இல்லையென்றால் இல்லை என்றார். மேஸ்திரியின் பதில் எழுத்தில் இல்லை, வாயால் வந்தது: "என் கையில இருக்கிற வரைக்கும் செடி சாவாதுங்க சார். வாட்ச்மேன் கையில போயிட்டா நான் என்ன பண்றது?" சட்ட மொழியில் இல்லாவிட்டாலும், கம்பெனியின் இரண்டு பக்க விதிவிலக்குகள் சொல்வதும் இதைத்தான்.

நாட்களின் எண்ணிக்கையை விட, அந்த நாட்கள் எந்தப் பருவத்தில் விழுகின்றன என்பதே முக்கியம். ஜூலையில் நட்டுச் செப்டம்பரில் ஒப்படைக்கும் தோட்டத்துக்கு 30 நாள் உத்தரவாதம் என்பது ஏறக்குறைய ஒன்றுமில்லாதது, ஏனெனில் பெங்களூருவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் மழை மிகுந்தவை. குச்சியை நட்டால்கூடத் துளிர்த்து நிற்கும். சோதனை மார்ச்சிலும் ஏப்ரலிலும் வருகிறது. நர்சரிப் பைக்குள் சுருண்ட வேர் வெளியே பரவாத செடி அப்போதுதான் காய்ந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். எனவே உத்தரவாதத்தை நாட்களில் எழுதுவதைக் காட்டிலும், "ஒப்படைப்புக்குப் பின் வரும் முதல் மே 31 வரை" என்று தேதியில் எழுதுவது மேல். மூவரில் நர்சரிக்காரர் மட்டுமே இதைப் பேச முன்வந்தார். மாதப் பராமரிப்பையும் அவருக்கே தர வேண்டும் என்பது அவர் நிபந்தனை. நடுபவரும் நீர் ஊற்றுபவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் ஒவ்வொரு பட்ட செடிக்கும் ஒரு வழக்கு எழும் என்பதால் அதில் எனக்கு மறுப்பில்லை.

புல்தரைக்குச் செடியின் விதி பொருந்தாது. மெக்சிகன் புல்லோ கொரியன் புல்லோ சாவதை விட, அதன் நடுவே கோரை கிளம்புவதுதான் வழக்கமான தொல்லை. செம்மண்ணோடு வரும் கோரைக்கிழங்கு கண்ணுக்குத் தெரியாது. ஒப்படைக்கும் நாளில் தரை கம்பளமாக இருக்கும், சில வாரங்களில் அம்பு அம்பாக முளைத்து நிற்கும். மேலே கிள்ளினால் போகாது, கிழங்கோடு தோண்ட வேண்டும். "களையற்ற நிலையில் ஒப்படைக்கப்படும்" என்ற கம்பெனியின் வாசகம் ஒப்படைக்கும் ஒரு நாளுக்கு மட்டுமே உண்மையாக இருக்கும்படி எழுதப்பட்டது.

விதிவிலக்குகளில் எல்லோருக்கும் பொதுவானது தண்ணீர். "நீர் வழங்குவது உரிமையாளர் பொறுப்பு" என்று ஒரே வரி. இந்த ஊரில் அது சிறிய வரியல்ல. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு கடுமையானபோது, தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று பெங்களூரு குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. அப்படிப்பட்ட கோடையில் நம்மிடம் இருப்பது எஸ்டிபியில், அதாவது குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்திகரித்த நீர்தான். ஆகவே ஒப்பந்தத்தில் நீரின் வகையையும் எழுத வேண்டும்: சுத்திகரித்த நீரே தரப்படும், அதற்குத் தாங்கும் செடிகளையும் அடைத்துக்கொள்ளாத வடிகட்டியுடன் கூடிய சொட்டுநீர்க் குழாயையும் தேர்வது காண்டிராக்டர் பொறுப்பு என்று. இந்த வரி இல்லாவிட்டால், எஸ்டிபி நீரைக் காரணம் காட்டி எந்தச் செடியின் சாவிலிருந்தும் அவர் விலகிக்கொள்ள முடியும்.

போடியம்

மண் தரையில் தோட்டம் வைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தளத்தின் மேல் வைப்பவர்களுக்கு, செடியை விடப் பெரிய செலவு ஒழுக்கு. நீர்த்தடைப் படலம் கட்டியவர் ஒருவர், அதன் மேல் மண் கொட்டியவர் இன்னொருவர் என்றால், கீழே கார் மேல் சொட்டும் நீருக்கு இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். கம்பெனி தாள் இதில் தெளிவாக இருந்தது: படலம், வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு மூன்றையும் தானே போட்டு ஐந்தாண்டு பொறுப்பேற்பதாகச் சொன்னது. நர்சரிக்காரர் தளத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதாக மட்டும் எழுதியிருந்தார். மேஸ்திரியின் ஒரு பக்கத் தாளில் இந்தச் சொல்லே இல்லை.

யாராக இருந்தாலும், மண் ஏறும் முன் தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே கசிவில்லை என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். அதன் பின் மண்வெட்டி பட்டுக் கிழிந்தால் அது நட்டவர் பொறுப்பு. எடையும் எழுத வேண்டியது: ஒரு அடி ஆழ ஈர மண் சதுர மீட்டருக்கு அரை டன்னைத் தொட்டு நிற்கும் என்பதால், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வரை என்பதற்குக் கட்டடப் பொறியாளரின் ஒப்புதல் இணைப்பாக இருக்க வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

பழைய மரத்தை அகற்றுவதும் வேலையில் அடங்கினால், கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976இன்படி, சில வகை மரங்கள் நீங்கலாக, சொந்த நிலத்து மரத்துக்கும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். கம்பெனி தாளில் "அகற்றல் உட்பட" என்றிருந்ததே தவிர, அனுமதி வாங்குபவர் யார் என்று இல்லை. தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் எழுதலாம். ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, நீதிமன்றம் தருவது அதற்குட்பட்ட நியாயமான ஈடு. ஆகவே பயமுறுத்தும் பெரிய எண்ணால் லாபமில்லை. வேறு ஊரில் தலைமையகம் உள்ள கம்பெனிகள், தகராறு வந்தால் வழக்கு அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் என்று எழுதும். வீட்டுக்காகச் சேவை பெறும் தனிநபர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை; 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் தர இடமளிக்கிறது. வேலையாட்களின் விபத்துக் காப்பீட்டு நகலை மூவரிடமும் கேட்டோம். ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

எதை எடுப்பது

தனி வீடு, சிறிய மண் தரைத் தோட்டம், வீட்டில் மேற்பார்க்க ஓர் ஆள் உண்டு என்றால் கூலி ஒப்பந்தமே சிக்கனம். ஒரு பக்கத்தில், மேஸ்திரிக்குப் படிக்கத் தெரிந்த தமிழிலோ கன்னடத்திலோ எழுதிக்கொண்டால் போதும். இருவருக்கும் புரியாத ஆங்கில வாசகத்தில் கையெழுத்து வாங்கி என்ன பயன். மேற்பார்க்க ஆளில்லாமல், புதுக் கட்டடத்தில் எல்லாவற்றையும் ஒரே கையில் ஒப்படைக்க விரும்புவோருக்கு மொத்தத் தொகை, செடிப் பட்டியல் இணைப்போடு.

எங்களுக்கு நான் பரிந்துரைத்தது பிரித்துக் கொடுப்பது: நீர்த்தடையும் வடிகாலும் ஐந்தாண்டுப் பொறுப்போடு கம்பெனியிடம், அதன் மேல் மண்ணும் செடியும் பராமரிப்பும் அளவுக் கட்டணத்தில் நர்சரிக்காரரிடம், இருவருக்கும் இடையே தண்ணீர் கட்டிய சோதனைத் தாள். கம்பெனி இதற்கு முதலில் இணங்கவில்லை. மண் கொட்டும்போது தங்கள் ஆள் ஒருவர் உடனிருப்பதற்குத் தனிக் கட்டணம் என்ற நிபந்தனையோடு பிறகு ஒப்புக்கொண்டது. மே 31 வரையிலான உத்தரவாதமும், பத்து சதவீதப் பிடித்தமும் நர்சரிக்காரருக்குச் சம்மதம். கோரைக்கு ஆறு மாதம் கேட்டோம், மூன்றுக்கு மேல் அவர் அசையவில்லை.