கருவிழியில் ஹெர்பிஸ்: செல் வளர்ப்பா, பிசிஆரா?

வீரோ செல்களுக்குத் தீபாவளி, பொங்கல் கிடையாது. 1962-ல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த வம்சம் அது. கண்ணிலிருந்து சுரண்டிய மாதிரியை இதில் விட்டு ஹெர்பிஸ் வைரஸ் வளர்கிறதா என்று பார்ப்பதுதான் செல் வளர்ப்பு. மாதிரி வந்தாலும் வராவிட்டாலும், வாரம் இரண்டு முறை டிரிப்சின் என்ற நொதி போட்டுச் செல்களைப் பெயர்த்துப் புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். கறவை நின்ற மாட்டுக்கும் தீவனம் வைக்கத்தானே வேண்டும், அந்தக் கதை. பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில் ஐந்து வருடம் இதைச் செய்துவிட்டு, போன வருடம் பிசிஆருக்கு, அதாவது வைரஸின் டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, மாறினோம்.

முதலில் ஒன்று: பாதிப் பேருக்கு எந்த டெஸ்டும் தேவையில்லை. கிளை கிளையாகப் பிரிந்து நுனியில் குமிழ் வைத்த புண்ணை ஸ்லிட் லாம்ப் என்ற கண் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததுமே டாக்டர் மருந்து எழுதிவிடுவார். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது வீண் செலவு. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஏற்கெனவே இருக்கும். சுரண்டியதைச் சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஜீம்சா ஸ்மியர் மலிவு, ஆனால் எச்எஸ்வியா (ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ்) அக்கி வைரஸா என்று பிரித்துச் சொல்லாது.

எங்களிடம் வருவது சிக்கலான கண்கள்தான். ஸ்டீராய்டு சொட்டு விட்டு மோசமானவை, ஆறாமல் இழுப்பவை, கான்டாக்ட் லென்ஸ் போட்டு அகாந்தமீபா என்ற அமீபாவோ என்று சந்தேகம் வந்தவை. இதில் தவறினால் கண்ணில் பூ விழுந்துவிடும்.

செல் வளர்ப்பில் இரண்டு உயிரைக் காப்பாற்ற வேண்டும்: குடுவையில் செல், குப்பியில் வைரஸ். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஐஸ் பெட்டியில் கிளம்பும் மாதிரி சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது வைரஸ் நமக்காகக் காத்திருக்காது. தப்பி வந்தாலும், வைரஸ் தாக்கிச் செல்கள் உருண்டு வீங்கிக் கண்ணாடியிலிருந்து கழன்று வருவதைப் பார்க்கச் சில நாள் ஆகும். நெகட்டிவ் என்று கையெழுத்துப் போட ஒரு வாரம்கூட. நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை ஜூனியர் பெண் ஓடி வந்தாள்: "அக்கா, எல்லாக் குடுவையும் கலங்கிப்போச்சு, பூஞ்சை!" மூன்று நோயாளிகளின் மாதிரி அதோடு போயிற்று. அன்றைக்குத்தான் போதும் என்று தோன்றியது.

பிசிஆருக்கு வைரஸ் செத்திருந்தாலும் கவலையில்லை, டிஎன்ஏ இருந்தால் போதும். கருவிழியிலிருந்து சுரண்டிக் கிடைப்பது கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு, அதுவே தாங்கும். காலையில் வந்த மாதிரிக்கு அன்று மாலையே பதில். எச்எஸ்வி, அக்கி வைரஸ் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பிரித்துவிடலாம். அக்கி வைரஸ் செல்லில் வளரவே அடம்பிடிக்கும் ஜாதி, அதனால் அங்கே பிசிஆர்தான் கை கொடுக்கும். ஆனாலும் அக்கி மாதிரிகள் எனக்கு வந்தது விரல் விட்டு எண்ணக்கூடியவைதான், அதை வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன். (அக்கி என்றதும் குயவரிடம் காவி எழுதக் கூட்டிப்போகும் என் அத்தை, மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் வரலாம் என்பதைச் சொன்னால் இப்போதும் நம்பமாட்டார்.)

பிசிஆரின் தொல்லை வேறு மாதிரி. நோயே இல்லாதவர் கண்ணீரிலும் சில நேரம் எச்எஸ்வி எட்டிப்பார்க்கும். பாசிட்டிவ் என்பதாலேயே புண்ணுக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. இன்னொன்று சாயம். ஒரு கிளினிக்கில் புண் தெரிய ரோஸ் பெங்கால் சாயம் விட்டுப் பார்த்துவிட்டு அதே கண்ணைச் சுரண்டி அனுப்பினார்கள். குப்பியிலேயே இளஞ்சிவப்பு. நெகட்டிவ். அந்தச் சாயம் வைரஸையும் கொல்லும், பிசிஆரையும் தடுக்கும். மறுபடி சுரண்டியதில் பாசிட்டிவ். பாவம், அந்த மனிதர் இரண்டு முறை வலி பட்டார். இப்போது எங்கள் படிவத்தில் சிவப்பு எழுத்தில்: "முதலில் சுரண்டல், பிறகு சாயம்."

ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டி வைரஸைத் தேடும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் வேகமானதுதான். ஆனால் கண்ணில் விட்ட ஃப்ளோரசின் சாயமும் பச்சை, நாங்கள் தேடும் ஒளியும் பச்சை. எது எது என்று கண்ணைக் கசக்கியதுதான் மிச்சம்.

ஹெர்பிஸ் மருந்தான அசைக்ளோவிருக்கு அடங்காத வைரஸா என்று மருந்து கலந்து சோதிக்க மட்டும் உயிருள்ள வைரஸ் வேண்டும். மூன்று முறைதான் கேட்டிருக்கிறார்கள். அதற்காக இரண்டு குப்பி வீரோ செல்லைத் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கிறோம். நைட்ரஜன் நிரப்புகிற பில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.